டேகேர் செலவு: நியூ ஜெர்சி கிரெடிட்டை எஃப்.எஸ்.ஏ.வுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். எச்-4 விசாவில் வந்த எனக்கு வேலை அனுமதி அட்டை கிடைத்து, 2024 ஜூலையில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் சேர்ந்தேன். மூத்தவனுக்கு 7 வயது. கோயம்புத்தூரில் பிறந்தவன் என்பதால் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை, அதற்குப் பதிலாக வரிக் கணக்குக்குத் தரும் ஐ.டி.ஐ.என். எண்தான் இருக்கிறது. இளையவளுக்கு 4 வயது, இங்கே பிறந்தவள். அவளுடைய டேகேருக்கு மாதம் 1,300 டாலரும், மூத்தவன் பள்ளி விட்டபின் இருக்கும் ஆஃப்டர்கேருக்கு 350 டாலரும் போகின்றன. 2025இல் கணவர் சம்பளம் 60,000, என்னுடையது 38,000. வாடகை மாதம் 2,200. போன வருடம் எங்களுக்கு வரிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர், "உங்கள் சம்பளத்துக்கு இதெல்லாம் வராது" என்று டேகேர் ரசீதுகளைத் திருப்பித் தந்துவிட்டார். கணவரின் அலுவலக நண்பர்கள் சொன்னார்கள் என்று, இந்த ஜனவரியிலிருந்து குழந்தைப் பராமரிப்புக்கான எஃப்.எஸ்.ஏ. கணக்கில் (வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடித்து, பராமரிப்புச் செலவுக்குத் திருப்பித் தரும் அலுவலகக் கணக்கு) ஆண்டுக்கு 7,500 டாலர் பிடிக்கச் சொல்லிவிட்டோம். ஏப்ரலில் மாமியார் ஆறு மாதம் எங்களோடு இருக்க வருகிறார். அவருக்கு மாதம் 500 டாலர் கொடுத்து அதையும் பராமரிப்புச் செலவாகக் காட்டலாமா? எங்களுக்கு உண்மையில் என்னதான் கிடைக்கும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குக் கிடைக்கும்; ஓரளவு நல்ல தொகையே கிடைக்கும். போன வருடம் உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. அதைத் திருத்திக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது போன வருடக் கணக்கு அல்ல, இந்த ஜனவரியில் தொடங்கிய அந்த 7,500 டாலர் பிடித்தம்தான். அதற்கு வருமுன் கணக்கின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நியூ ஜெர்சி தரும் தொகை ஃபெடரல் தொகையின் மேல் கட்டப்பட்டது. கீழே உள்ளது தெரியாமல் மேலே உள்ளது விளங்காது.

கணவன், மனைவி இருவரும் சம்பாதித்து, அந்த வேலைக்குப் போவதற்காகவே 13 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால், ஃபெடரல் அரசு படிவம் 2441 வழியாக ஒரு கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்து நேராகக் கழியும் தொகை, தருகிறது. ஒரு பிள்ளைக்கு 3,000 டாலர் வரையும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மொத்தம் 6,000 டாலர் வரையும் உள்ள செலவே கணக்கில் எடுக்கப்படும். இந்த 6,000 தலைக்கு 3,000 என்று பிரிந்தாக வேண்டும் என்பதில்லை. முழுவதும் இளையவளின் டேகேர் செலவாகவே இருக்கலாம். 2025ஆம் ஆண்டுக்கு, வருமானம் 43,000 டாலரைத் தாண்டிய குடும்பங்களுக்கு அந்தச் செலவில் 20 சதவீதம் கிரெடிட்டாகக் கிடைக்கும். உங்களுக்கு 1,200 டாலர். இதற்கு மேல்வரம்பு என்று ஒரு வருமானம் வைக்கப்படவில்லை. ஆகவே "உங்கள் சம்பளத்துக்கு வராது" என்ற பேச்சுக்கு ஃபெடரல் கணக்கில் இடமே இல்லை. மூத்தவனிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாததும் இங்கே தடையாகாது. பிள்ளைகளுக்கான வேறொரு ஃபெடரல் கிரெடிட்டான சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டுக்குத்தான் அந்த எண் கட்டாயம். பராமரிப்புச் செலவுக் கிரெடிட்டுக்கு ஐ.டி.ஐ.என். போதும்.

இப்போது நியூ ஜெர்சி. 2018இல் தொடங்கப்பட்ட இம்மாநிலக் கிரெடிட், நீங்கள் பெற்ற ஃபெடரல் கிரெடிட்டில் ஒரு பங்கை மாநிலக் கணக்கில் கூடுதலாகத் தருகிறது. மாநில வரிக்குரிய வருமானம் 30,000 டாலர் வரை இருந்தால் 50 சதவீதம், 60,000 வரை 40, 90,000 வரை 30, 1,20,000 வரை 20, 1,50,000 வரை 10. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 2021 முதல் இது ரொக்கமாகத் திரும்பக் கிடைக்கும் வகைக்கு மாற்றப்பட்டது. அதாவது மாநிலத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரி குறைவாக இருந்தாலும் மிச்சத்தைக் காசோலையாகத் தருவார்கள். ஃபெடரல் கிரெடிட்டுக்கு அந்த வசதி கிடையாது, வரி இருந்தால்தான் கழியும். உங்களுக்கு ஃபெடரல் வரி போதுமான அளவு வருகிறது என்பதால் 1,200 டாலரும் முழுதாகவே கழிந்துவிடும்.

மேலே சொன்ன படிகளில் "வரிக்குரிய வருமானம்" என்றது மொத்தச் சம்பளத்தை அல்ல. இதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் குடும்பம் 90,000 என்ற கோட்டின் மேல்தான் நிற்கிறது. 98,000 டாலரிலிருந்து உங்கள் இருவருக்கும் தலா 1,000, பிள்ளைகளுக்குத் தலா 1,500 என 5,000 டாலர் விலக்குப் போனால் 93,000. இதோடு நிறுத்தினால் நீங்கள் 20 சதவீதப் படியில் இருப்பீர்கள். ஆனால் நியூ ஜெர்சி, வாடகைக்கு இருப்பவர்கள் கொடுத்த வாடகையில் 18 சதவீதத்தைச் சொத்து வரி கட்டியதாகவே கருதிக் கழிவு தருகிறது. கட்டடம் சொத்து வரிக்கு உட்பட்டதாக இருந்தால் போதும். உங்கள் ஆண்டு வாடகை 26,400. அதில் 18 சதவீதம் 4,752. இப்போது வரிக்குரிய வருமானம் 88,248. படி 30 சதவீதமாகிவிடுகிறது. 240 டாலருக்குப் பதில் 360 டாலர். அந்தக் கழிவினால் மாநில வரியில் குறையும் ஏறத்தாழ 262 டாலர் தனி. வாடகையை எழுதாமல் விட்டுவிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். மென்பொருள் கேட்கும் இடத்தில் "இல்லை" என்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டி அலுவலகம் தரும் டபிள்யூ-2 தாளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கட்டம் 1இல் உள்ள தொகையைவிடக் கட்டம் 16இல் உள்ள தொகை பெரும்பாலும் அதிகமாக இருக்கும். அது அச்சுப் பிழை அல்ல. அலுவலகம் வரிக்கு முன்பே பிடிக்கும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், எஃப்.எஸ்.ஏ. போன்றவற்றை ஃபெடரல் அரசு வருமானத்திலிருந்து நீக்குகிறது. நியூ ஜெர்சி நீக்குவதில்லை. 401(கே) ஓய்வூதியச் சேமிப்பை மட்டும் இரு அரசுகளும் விலக்குகின்றன. நீங்கள் எழுதிய 98,000 டாலரை மாநிலக் கட்டமான 16இன் கூட்டுத்தொகை என்று எடுத்துக்கொண்டுதான் மேலே கணக்குப் போட்டிருக்கிறேன். வேறுபட்டால் 90,000 கோட்டை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கவலை என்று சொன்னது இந்த இடத்தில்தான் வருகிறது. எஃப்.எஸ்.ஏ.வில் போடும் பணத்துக்கு நியூ ஜெர்சி வரி விலக்குத் தருவதில்லை என்றேன். ஃபெடரல் அளவில் அது மிச்சப்படுத்துவது உங்கள் வருமான வரிப் படியான 12 சதவீதமும், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமான 7.65 சதவீதமும் சேர்ந்து 19.65 சதவீதம். அதே நேரத்தில், எஃப்.எஸ்.ஏ.வில் போடும் ஒவ்வொரு டாலரும் மேலே சொன்ன 6,000 டாலர் உச்சவரம்பிலிருந்து ஒரு டாலரைக் கழித்துவிடும். 7,500 போட்டால் 6,000 முழுவதும் தீர்ந்து, ஃபெடரல் கிரெடிட் பூச்சியமாகிறது. பூச்சியத்தில் 30 சதவீதம் எடுத்தால் மாநிலம் தருவதும் பூச்சியம்தான்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ஃபெடரல் சட்டம் இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் கொண்டுவந்தது. எஃப்.எஸ்.ஏ. உச்சவரம்பு 2026 முதல் 5,000இலிருந்து 7,500 டாலராக உயர்ந்தது. இது எல்லோர் காதிலும் விழுந்தது, ஏனென்றால் அலுவலக மனிதவளத் துறைகள் மின்னஞ்சல் அனுப்பின. படிவம் 2441 கிரெடிட்டின் விகிதமும் 2026 முதல் உயர்ந்தது. இதற்கு யாரும் மின்னஞ்சல் அனுப்பவில்லை. புதிய விதிப்படி மிகக் குறைந்த வருமானத்துக்கு 50 சதவீதத்தில் தொடங்கும் விகிதம் படிப்படியாக இறங்கி 35 சதவீதத்தில் நிற்கிறது. கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்யும் தம்பதியின் வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டிய பிறகே 35இலிருந்து மறுபடி இறங்கத் தொடங்கி 20இல் முடிகிறது. நீங்கள் 35இல் இருக்கிறீர்கள்.

ஆகவே 2026க்கு, எஃப்.எஸ்.ஏ. இல்லாமல் இருந்தால் 6,000 டாலரில் 35 சதவீதமான 2,100 டாலர் ஃபெடரல் கிரெடிட், அதில் 30 சதவீதமான 630 டாலர் மாநிலக் கிரெடிட், மொத்தம் 2,730 டாலர். எஃப்.எஸ்.ஏ.வில் 7,500 போட்டால் மிச்சமாவது 1,473.75 டாலர் மட்டும். 1,256 டாலர் வித்தியாசம் உங்கள் கையைவிட்டுப் போகிறது. சுருக்கமாகச் சொன்னால், இந்த ஆண்டு முதல் 6,000 டாலர் வரை, எஃப்.எஸ்.ஏ.வில் விழும் ஒவ்வொரு டாலரும் உங்களுக்கு 19.65 சென்ட்டைக் கொடுத்து 45.5 சென்ட்டைப் பறிக்கிறது.

அலுவலக நண்பர்கள் பொய் சொல்லவில்லை. தம்பதியாக 2,20,000 டாலர் சம்பாதிக்கிறவர்களுக்கு ஃபெடரல் விகிதம் 20க்கு இறங்கிவிடும், நியூ ஜெர்சி கிரெடிட் கிடையாது, அவர்களுடைய வருமான வரிப் படி 22 சதவீதம், அவர்களுக்கு எஃப்.எஸ்.ஏ. 2,200 டாலருக்கு மேல் மிச்சப்படுத்தும், கிரெடிட்டோ 1,200தான். அவர்களுக்குச் சரியான யோசனையை உங்கள் வீட்டுக்கு அப்படியே எடுத்து வந்ததுதான் பிசகு. நம்மவர் கூட்டங்களில் வரி பற்றிய பேச்சு பெரும்பாலும் அதிகச் சம்பளக்காரரின் கணக்கிலேயே நடக்கிறது என்பது என் நெடுநாள் குறை.

பிடித்தத்தை நடுவில் நிறுத்த முடியுமா என்றால், நினைத்தபோது முடியாது. பராமரிப்பு ஏற்பாடோ செலவோ மாறும்போது தொகையை மாற்ற அலுவலகத் திட்டம் அனுமதிக்கலாம் என்று ஃபெடரல் விதி இருக்கிறது. மாமியார் வந்ததும் மூத்தவனின் ஆஃப்டர்கேரை நிறுத்தினால் அது ஒரு மாற்றம். செப்டம்பரில் இளையவள் கிண்டர்கார்ட்டன் சேர்ந்து டேகேர் நின்றால் அது இன்னொரு மாற்றம். எவ்வளவு குறைக்கலாம், மாற்றம் நடந்து எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதைத் திட்டத்தின் விதிதான் முடிவு செய்யும். பல திட்டங்களில் கெடு 30 நாள்தான் என்பதால், கணவரை இந்த வாரமே மனிதவளத் துறையில் எழுத்துமூலம் கேட்கச் சொல்லுங்கள். மாற்ற முடியவில்லை என்றால் பிடித்த பணம் வீணாகாது. உங்கள் டேகேர் செலவே அதைவிட அதிகம், முழுவதையும் திரும்பப் பெற்றுவிடலாம். வரும் நவம்பரில் அடுத்த ஆண்டுக்கான தேர்வுப் படிவம் வரும்போது, கையெழுத்துக்கு முன் இதே கணக்கை மறுபடி போடுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கணக்கு: உங்கள் 6,000 டாலர் உச்சவரம்பு இளையவளின் டேகேரிலேயே ஐந்து மாதத்தில் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் மாமியாருக்கு மாதம் 500 கொடுத்ததாகக் காட்டினாலும் ஒரு சென்ட்டும் கூடுதலாகக் கிடைக்காது. அடுத்தது சட்டம்: அவர் பி-2 வருகையாளர் விசாவில் வருகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த விசாவில் ஊதியத்துக்கு வேலை செய்யக் கூடாது. படிவம் 2441இல் பராமரிப்பவரின் பெயர், முகவரி, வரி அடையாள எண் மூன்றையும் எழுத வேண்டும். அதாவது அவர் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தார் என்று நீங்களே அரசுக்கு எழுதிக் கொடுப்பதாகும். அடுத்த முறை விசா கேட்டுப் போகும்போது அந்த அம்மாள் ஏன் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்? பேரப் பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும். செலவுக்குக் கொடுப்பதைக் கொடுங்கள், வரிக் கணக்கில் கொண்டுவராதீர்கள். (பாட்டி கிரீன் கார்டு உள்ளவராக, உங்கள் கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டப்படாதவராக இருந்தால் நிலைமை வேறு, அவருக்குக் கொடுக்கும் ஊதியத்தைச் செலவாகக் காட்டலாம், அவரும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.)

எது பராமரிப்புச் செலவு என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. டேகேர், பள்ளிக்கு முந்தைய நர்சரி, பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் பராமரிப்பு, கோடை விடுமுறையில் பகல்நேர முகாம் ஆகியவை சேரும். கிண்டர்கார்ட்டன் முதல் மேல் வகுப்புகளுக்கான கட்டணம், கணக்கு டியூஷன், கோடைக்கால வகுப்பு, இரவு தங்கும் முகாம் ஆகியவை சேரா. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியும் பரதநாட்டியமும் எவ்வளவு நல்லவையானாலும், நீங்கள் வேலைக்குப் போவதற்காகப் பிள்ளையை விட்டுச் செல்லும் இடங்கள் அல்ல.

உங்கள் டேகேர் எந்த வகை என்று எழுதவில்லை. உரிமம் பெற்ற நிலையமாக இருந்தால் ஆண்டு முடிவில் மொத்தத் தொகையும் நிலையத்தின் வரி அடையாள எண்ணான ஈ.ஐ.என்.னும் கொண்ட சீட்டுக் கேட்டவுடன் தருவார்கள். வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டியாக இருந்தால்தான் சங்கடம். ரொக்கமாகக் கேட்பார், எண் கேட்டால் முகம் மாறும். பராமரிப்பவரின் எண்ணைக் கேட்பதற்கென்றே உள்ள படிவம் டபிள்யூ-10ஐக் கொடுத்துக் கேளுங்கள். மறுத்தால், கேட்டதற்கான சான்றை வைத்துக்கொண்டு, தெரிந்த விவரங்களை எழுதி, எண் தர மறுத்தார் என்ற விளக்கத்தை இணைத்துத் தாக்கல் செய்யலாம். முறைப்படி முயன்றதைக் காட்டினால் கிரெடிட்டை மறுக்க மாட்டார்கள். ஆறு பேருக்கு மேல் பார்த்துக்கொள்ளும் இடமாக இருந்தால் அது மாநில, உள்ளூர் விதிகளுக்கு உட்பட்டு நடந்திருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். இனிமேல் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள்.

நியூ ஜெர்சிக்கு இன்னொரு கிரெடிட்டும் உண்டு. ஆண்டின் கடைசி நாளில் 5 வயதுக்கு மேற்படாத பிள்ளைக்கு மாநில வரிக்குரிய வருமானத்தைப் பொறுத்து 200 முதல் 1,000 டாலர் வரை தரும் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் அது. 80,000 டாலருக்கு மேல் கிடையாது. இதில் ஐ.டி.ஐ.என். வைத்திருப்பவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் உங்கள் மூத்தவன் வயது தாண்டிவிட்டான். இளையவளுக்கு 2025இல் கிடைக்காது, நீங்கள் 88,248இல் இருக்கிறீர்கள். 2026இல் அவளுக்கு 5 வயதுதான் என்பதால், 401(கே) சேமிப்பைக் கூட்டி வருமானத்தை 80,000க்குக் கொண்டுவந்தால் 200 டாலர் கிடைக்கும்; ஆனால் அந்த 200 டாலருக்காக மட்டும் 8,000 டாலருக்கு மேல் முடக்காதீர்கள், ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். உழைக்கும் குடும்பங்களுக்கென்று உள்ள ஈ.ஐ.டி.சி.யில் ஃபெடரல் தொகையின் 40 சதவீதத்தை நியூ ஜெர்சி கூடுதலாகத் தருகிறது. இரண்டு பிள்ளைகளுள்ள தம்பதிக்கு 2025இல் வரம்பு 64,430 டாலர் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

வேறு மாநிலத்தில் உள்ள உறவினரோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். நியூயார்க் இதே ஃபெடரல் கிரெடிட்டின் மேல் வருமானத்தைப் பொறுத்து 110 சதவீதம் முதல் 20 சதவீதம் வரை தருகிறது. பென்சில்வேனியா 2023 முதல் ஃபெடரல் தொகைக்குச் சமமாக முழு 100 சதவீதத்தையும் தருகிறது. கலிஃபோர்னியாவில் வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டினால் ஒன்றும் இல்லை, கிடைப்பதும் வரியில் கழியுமே தவிர ரொக்கமாக வராது. டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லாததால் கிரெடிட் என்ற பேச்சும் இல்லை.

கடைசியாக 2024. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தது ஜூலையில் என்பதால், அதன் பிறகான செலவுதான் சேரும். ஆனால் 6,000 டாலர் வரம்பைப் பாதியாக வெட்ட மாட்டார்கள். ஆறு மாத டேகேரே 7,800 டாலர், உங்கள் ஆறு மாதச் சம்பளமும் 6,000க்கு மேல் இருந்திருக்கும் (இருவரில் குறைந்த சம்பளம் யாருடையதோ அதற்கு மேல் செலவைக் காட்ட முடியாது என்பதால் இதைப் பார்க்க வேண்டும்). ஆகவே முழு 1,200 டாலர் உண்டு. அந்த ஆண்டு மொத்தச் சம்பளம் 78,000 அளவில், வாடகையும் இதே அளவில் இருந்திருந்தால் மாநில வரிக்குரிய வருமானம் 68,000 சொச்சம்; 360 டாலர் மாநிலப் பராமரிப்புக் கிரெடிட்டும், அப்போது 80,000க்குக் கீழே இருந்ததால் இளையவளுக்கு 200 டாலர் சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டும் சேர்ந்து 1,760 டாலர் உங்களுக்கு வர வேண்டியது. முதலில் 1040-எக்ஸ் படிவத்தில் படிவம் 2441ஐ இணைத்து ஃபெடரல் கணக்கைத் திருத்துங்கள்; பிறகு அதே தொகையை வைத்து என்.ஜே.-1040எக்ஸ் தாக்கல் செய்யுங்கள். தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, எனவே 2024 கணக்குக்கு 2028 ஏப்ரல் நடுப்பகுதி வரை நேரமிருக்கிறது. 2025 கணக்கை ஏப்ரல் 15க்குள் முடித்துவிட்டு, திருப்பித் தரப்பட்ட அந்த ரசீதுகளை எடுத்து உட்காருங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரையிலானவை மட்டும் போதும்.